செல்ஃப் சுழல்கிறது, இஞ்சின் கிளம்பவில்லை

(சிவகிரியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேற்கே மலைத்தொடரும், அதன் அடிவாரத்தில் குளத்துப் பாசன வயல்களும் தோட்டங்களும் அமைந்த ஊர் சிவகிரி. முன்னர் சங்கரன்கோயில் வட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் தானே ஒரு வட்டத்தின் தலைமையிடமாகி, 2019-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கியிருக்கிறது. ஏரும் பாரமும் காளையை நம்பி நடந்த காலம் இங்கே மறைந்து வருகின்றது. உழவுக்கு டிராக்டர், எலுமிச்சை மூட்டைகளைப் புளியங்குடிச் சந்தைக்குக் கொண்டு செல்லச் சிறு பார வண்டி, இரவு வேளையில் நோயாளியை ராஜபாளையத்துக்கோ தென்காசிக்கோ அழைத்துச் செல்ல ஒரு கார். இவற்றுள் ஒன்று கிளம்ப மறுத்துவிட்டால் நஷ்டம் ஒரு நாள் கூலியோடு முடிவதில்லை.

காளை சுணங்கிப் படுத்தால் உழவர் என்ன செய்கிறார்? மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா, காது சுடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார். பார்த்ததைக் கால்நடை மருத்துவரிடம் சொல்கிறார். பாதி வைத்தியம் அந்தச் சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. இஞ்சின் விஷயத்தில் மட்டும் இந்த நல்ல பழக்கத்தைக் கைவிட்டுவிட்டோம். "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற மூன்று சொற்களோடு மெக்கானிக்கை அழைத்து வந்து, அவர் கழற்றச் சொன்னதைக் கழற்றி, வாங்கச் சொன்னதை வாங்கிக் கொண்டிருக்கிறோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கோளாறு. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுழல்கிறது. இஞ்சினும் கூடவே சுழல்கிறது. ஆனால் பற்றிக்கொண்டு தானாக ஓட மறுக்கிறது. இதற்குக் காரணம் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதே பொருள்.

ஒரு டிராக்டரின் கதை

ஓர் ஊரில் உழவர் சிலர் கூடி வாங்கிய டிராக்டர் ஒன்று அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் நின்றுவிட்டதை நாம் கண்டோம். முதல் நாள் புது பேட்டரி வந்தது, பயனில்லை. மறுநாள் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சீர் செய்து வந்தார்கள், பயனில்லை. பத்துப் பேர் கூடித் தள்ளினார்கள். மூச்சு வாங்கியதே மிச்சம். டீசல் பம்பு கெட்டுவிட்டது, அதையும் கழற்ற வேண்டும் என்று முடிவான சமயத்தில், இஞ்சினை நிறுத்துவதற்காக இழுக்கும் ஸ்டாப் குமிழ் முழுவதும் உள்ளே போகாமல் பாதியில் சிக்கியிருப்பதை ஒரு சிறுவன் காட்டினான். குமிழை உள்ளே தள்ளியதும் டிராக்டர் கிளம்பிற்று. பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் ஆன செலவு ரசீதுகளாகக் குழுவின் கணக்கில் ஏறியது. அதற்குள் பெய்த மழையில் நனைந்த கதிருக்கு ரசீது எதுவும் இல்லை.

இதில் மெக்கானிக்கின் நேர்மையைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யாரும் ஒரு தகவலும் சொல்லவில்லை. செல்ஃப் நன்றாகச் சுழன்றது என்ற ஒரு செய்தியை மட்டும் கவனித்திருந்தாலும் பேட்டரியின் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை.

செல்ஃப் சொல்லும் செய்தி

பழைய பஸ்களின் முன்புறம் கைப்பிடியைச் செருகிக் கிளீனர் சுற்றிய காட்சி முதியோர் சிலருக்கு நினைவிருக்கலாம். எதிர்பாராமல் இஞ்சின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த வேலையை மின்சார மோட்டாரிடம் ஒப்படைத்த முறை 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கார்களில் வந்தது. அதை அமைத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்பவர். நம் மாநிலத்தில் சென்னையை அடுத்த பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை இத்தகைய மோட்டார்களைச் செய்து வருகிறது. செல்ஃப் மோட்டார் என்பது அந்தக் கிளீனரின் கை, அவ்வளவே. இஞ்சினைச் சுற்றிவிடுவதோடு அதன் கடமை முடிந்தது.

ஆகவே சாவியைத் திருப்பியவுடன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "டக்" என்ற ஓர் ஒலியோடு நின்றுவிட்டால் பேட்டரியையும் அதன் முனைகளையும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மெதுவாக, திணறிக்கொண்டு சுழன்றாலும் பேட்டரி பக்கமே சந்தேகம். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். செல்ஃப் சுழலும்போது அது ஏறக்குறைய 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரி களைத்துவிட்டது என்று கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டரைக் கொண்டு இதை யாரும் அளந்து பார்க்கலாம்.

மாறாக, எப்போதும் போல வேகமாகவும் சீராகவும் சுழல்கிறது என்றால் பேட்டரியும் செல்ஃபும் தம் கடமையைச் செய்துவிட்டன. அவற்றை மாற்றுவது வீண். தள்ளுவதும் அப்படியே. செல்ஃப் கொடுக்கும் சுழற்சியைத்தான் பத்துப் பேர் தள்ளிக் கொடுக்கிறார்கள். இஞ்சினுக்கு இல்லாதது சுழற்சி அன்று, வேறொன்று. பெட்ரோல் காராக இருந்தால் தள்ளுவதால் கேடும் உண்டு: எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்ப் பின்னர் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். அது விலை உயர்ந்த உறுப்பு.

மூன்றாவது ஓர் ஒலியும் உண்டு. வழக்கத்தைவிட மிக வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் "விர்ர்" என்று சுழன்றால் உடனே சாவியை விட்டுவிட வேண்டும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்ததற்கு அது அடையாளமாக இருக்கலாம். பல இஞ்சின்களில் மேலும் சுற்றினால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். பெல்ட்டோடு போக வேண்டிய செலவு இஞ்சின் தலையைக் கழற்றும் செலவாக வளரும்.

அடுப்பும் இஞ்சினும்

இஞ்சினுக்குள் நடப்பதை அடுக்களையில் தினமும் காண்கிறோம். அடுப்பு எரிய விறகு வேண்டும், நெருப்பு வேண்டும், காற்று வேண்டும். விறகு ஈரமானாலும், தீக்குச்சி நமுத்தாலும், புகைபோக்கி அடைத்தாலும் அடுப்பு எரியாது. இஞ்சினுக்கு விறகு பெட்ரோலோ டீசலோ. காற்று வடிகட்டியின் வழியே வருவது காற்று. நெருப்பில்தான் இரண்டு வகை இஞ்சின்களும் வேறுபடுகின்றன.

பெட்ரோல் இஞ்சினில் பிளக் என்னும் உறுப்பு மின்பொறி தருகிறது. டீசல் இஞ்சினில் பொறியே இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் இஞ்சின் காற்றைப் பதினாறு முதல் இருபது பங்கில் ஒரு பங்காக அழுத்துகிறது. வெப்பம் 500 பாகை சென்டிகிரேடையும் தாண்டுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இஞ்சினின் சூட்சுமம் இதுவே. எனவே டீசல் வண்டியில் செல்ஃப் மெதுவாகச் சுழன்றால் நெருப்பே குறைந்துவிடுகிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆக, செல்ஃப் நன்றாகச் சுழன்றும் கிளம்பாத இஞ்சினிடம் கேட்க வேண்டியவை மூன்றே: எண்ணெய் வந்ததா? நெருப்பு உண்டா? மூச்சு விடுகிறதா? எது இல்லை என்று தெரியும் முன் எதையும் விலை கொடுத்து வாங்கக் கூடாது.

கருவி எடுக்கும் முன்

பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுக்கும் முன்பு கண்ணாலும் மூக்காலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. டாங்கியில் எண்ணெய் இருக்கிறதா? முள்ளை முழுக்க நம்ப வேண்டாம். மிதவை சிக்கினால் காலி டாங்கியையும் பாதி நிறைந்ததாகக் காட்டும். சரிவில் நிறுத்திய காரில் குறைந்த பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்புக்கு எட்டாமல் போவதும் உண்டு. டிராக்டரில் டாங்கியின் அடியிலுள்ள குழாய் திறந்திருக்கிறதா, ஸ்டாப் குமிழ் முழுவதும் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது முதற்கடமை. சாவியிலேயே நிறுத்தும் புதிய டிராக்டர்களில் குமிழுக்குப் பதிலாகப் பம்பின்மேல் சாலினாய்டு இருக்கும். அதன் ஒயர் கழன்றால் பலன் அதேதான்.

டாங்கி மூடியில் காற்றுப் புகச் சிறு துளை ஒன்று உண்டு. குளவி மண்கூடு கட்ட விரும்பும் இடங்களில் அதுவும் ஒன்று! துளை அடைத்தால் எண்ணெய் இறங்க இறங்க டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வருவது நிற்கும். மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்டால் காரணம் கையில் கிடைத்தது என்று பொருள்.

அடுத்து எலி. நெல் குதிருக்கும் தீவன அறைக்கும் அருகில் வண்டியை நிறுத்துவோர் பானட்டைத் திறந்து ஒயர்களைப் பார்க்காமல் சாவியைத் தொடக் கூடாது. ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று அச்சிட்டிருப்பார்கள். பெட்ரோல் பம்பு ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே அளவுள்ள ஒன்றைப் பொருத்தலாம். மீண்டும் எரிந்தால் எங்கோ ஒயர் உராய்கிறது என்று பொருள். அங்கே செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

பெட்ரோல் கார்

அண்மைக் காலப் பெட்ரோல் கார்களில் சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் நிறுத்தினால், பின் இருக்கைப் பக்கத்திலிருந்து இரண்டு விநாடி அளவு மெல்லிய ரீங்காரம் கேட்கும். டாங்கிக்குள் இருக்கும் மின்சாரப் பம்பின் ஒலி அது. பெரும்பாலான கார்களில் இவ்வொலி கேட்காவிட்டால் எண்ணெய்ப் பக்கம் போக வேண்டும்: ஃபியூஸ், ரிலே, ஒயர், பிறகுதான் பம்பு. கேட்டால் நெருப்புப் பக்கம் திரும்பலாம்.

டாஷ்போர்டில் சாவியோ பூட்டோ போன்ற சிறு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் அது திருட்டுத் தடுப்புப் பூட்டு. சாவிக்குள் உள்ள சில்லை வண்டி அடையாளம் காணவில்லை. ஆதலால் எண்ணெயை விடாது. வீட்டிலுள்ள மாற்றுச் சாவியைக் கொண்டு பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். இதற்காகப் பிளக்குகளை மாற்றியவர்கள் உண்டு.

செல்ஃப் சுழலும்போது இஞ்சின் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பாருங்கள். அது சிறிதும் அசையாவிட்டால், இஞ்சின் சுழல்வதைக் கணினிக்கு அறிவிக்கும் கிராங்க் சென்சாரின் மேல் சந்தேகம் கொள்ளலாம். சுழலவே இல்லை என்று நம்பும் கணினி பொறியும் தராது, பெட்ரோலும் தெளிக்காது. சூடேறி நின்ற வண்டி ஆறிய பின் கிளம்புமானால் இந்தச் சந்தேகம் வலுப்படும்.

பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தால் எண்ணெய் அதிகமாகி பிளக்குகள் நனைந்துவிட்டன. சற்று நேரம் ஓயவிட்டு, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப் அடித்தால், பெரும்பாலான புதிய கார்களில் கணினி பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும், சிலிண்டர் உலரும்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் அத்தகைய பழைய வண்டிகள் நம் ஊர்களில் இன்னும் ஓடுகின்றன. மழை நாளில் அவை கிளம்பாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பதே முதல் வைத்தியம். பிளக்கைக் கழற்றி ஒயரோடு இணைத்து இஞ்சின் இரும்பில் வைத்துப் பொறி பார்க்கும் பழைய சோதனையும் இவற்றுக்கே உரியது. அதுவும் பெட்ரோல் சிந்தாத இடத்தில், ரப்பர் பிடியுள்ள கொறடாவால் பிடித்து. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி காயில் அமர்ந்திருக்கும் புதிய கார்களில் இதைச் செய்யப் போனால் காயிலோ கணினியோ கெடும். கையிலும் பலமாக அடிக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நாட்டில் விற்பனைக்கு வந்து பரவியிருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். மாதக் கணக்கில் ஓடாமல் நிற்கும் காரிலும், மூடி சரியில்லாத டாங்கியிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இது நேரக் கூடும். பம்பு ஓடும், பொறி வரும், ஆனால் இஞ்சின் பற்றாது. ஏனெனில் வந்து சேர்ந்தது நீர்.

டீசல் வண்டியும் டிராக்டரும்

உழவர்களுக்கு மிகவும் வேண்டியது இந்தப் பகுதியே. டீசல் இஞ்சினில் நோயறியச் சிறந்த கருவி புகைக்குழாய். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் புகைக்குழாயைக் கவனிக்க வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றவில்லை. அப்போது நெருப்புக் குறைவு: செல்ஃபின் வேகம் போதாமை, பிஸ்டன் வளையம் அல்லது வால்வு தேய்ந்து அழுத்தம் கசிதல், பம்பின் நேரம் மாறியிருத்தல். காரில் உள்ள குளோ பிளக்கையும் சிலர் குறை சொல்வார்கள். நம் பக்கத்து வெயிலில் அதைக் குற்றவாளியாக்க மார்கழி விடியற்காலைகூடப் போதாது என்பது நம் எண்ணம்.

புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. நூற்றுக்குப் பெரும்பங்கு வண்டிகளில் இதுவே நாம் காண்பது. காரணங்களில் முதன்மையானது, மெக்கானிக்குகள் "ஏர் பிடித்துவிட்டது" என்று சொல்வது. டாங்கி ஒருமுறை முழுக்கக் காலியானாலோ, ஃபில்டரை மாற்றும்போது காற்றுப் புகுந்தாலோ, குழாயின் வாஷர் தேய்ந்தாலோ டீசலின் நடுவே காற்றுக் குமிழ்கள் தங்கும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது; ஆகவே பம்பு தள்ளும் தள்ளெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும், நாசில் திறக்காது.

பழைய முறைப் பம்பு உள்ள டிராக்டரில் காற்றை எடுப்பது ஒவ்வோர் ஓட்டுநரும் கற்க வேண்டிய வேலை. ஃபில்டரின் மேலுள்ள திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழும் வரும். பின்னர் தெளிந்த டீசல் மட்டும் வரும். பம்பை அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போகும். இரண்டாவது ஃபில்டர் இருந்தால் அதிலும், பிறகு டீசல் பம்பின் திருகிலும் இதையே செய்ய வேண்டும். அதன் பின்னும் கிளம்பாவிட்டால் நாசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளைச் சிறிது தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் துள்ளி வந்ததும் இறுக்க வேண்டும். கையைக் குறுக்கே வைக்கக் கூடாது. முகத்தைக் குனிந்து பார்க்கக் கூடாது.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. இந்த நட்டுத் தளர்த்தும் வேலை பழைய முறைப் பம்புகளுக்கு மட்டுமே. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு உட்பட்ட டீசல் கார்களும் பார வண்டிகளும், 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிக்கு உட்பட்ட 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களில் பலவும் காமன் ரெயில் முறையைக் கொண்டவை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்; காமன் ரெயில் குழாயில் இஞ்சின் ஓடும்போது அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். அங்கே தளர்த்திய நட்டிலிருந்து வரும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைக்கும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே விரலையே அழுகச் செய்யும். அவ்வாறு நேர்ந்தால் மஞ்சள் தடவிக் காத்திராமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இத்தகைய வண்டிகளில் ஃபில்டர் வரையில்தான் நம் கை செல்லலாம்.

டீசலில் நீர் கலப்பது மற்றொரு காரணம். நீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். பீப்பாயில் சேமித்த டீசலை ஆட்டி அசைத்து உடனே ஊற்றாமல் ஓர் இரவு தெளியவிட்டு, அடிப்பகுதியை விட்டு மேலிருந்து எடுக்க வேண்டும். ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்துப் பார்த்தால் நீரும் டீசலும் இரு அடுக்காக நிற்பதைக் கண்ணாலேயே காணலாம்.

புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் யூரியாக் கரைசலுக்கென்று தனி டாங்கி உண்டு. அது வற்றினால் பலமுறை எச்சரித்துவிட்டு, பின்னர் வண்டி கிளம்ப மறுக்கும். வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றலாமே என்று உழவர் எண்ணுவது இயல்பு. அது கூடாது. அக்கரைசல் 32.5 விழுக்காடு தூய யூரியாவும் தாது நீக்கிய நீரும் கொண்டது. வயல் யூரியாவும் கிணற்று உப்பும் சேர்ந்தால் விலை உயர்ந்த கருவிகள் அடைபட்டுப் போகும்.

செய்யக் கூடாதவை

செல்ஃபை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது; அடித்தபின் ஒரு நிமிடமாவது ஓயவிட வேண்டும். அது சிறிது நேர வேலைக்காகச் செய்த மோட்டார். தொடர்ந்து அடித்தால் உள்ளே கம்பிச்சுருள் கருகும். ஒரு கோளாறோடு நின்ற வண்டிக்கு நாமே இரண்டாவது கோளாற்றையும் சேர்த்துவிடுவோம். காற்றுக் குழாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பும் வழக்கமும் வேண்டாம்; தீப்பிடித்து முகம் வெந்தவர்கள் உண்டு. டீசல் டாங்கியில் தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டது தெரிந்தால் சாவியையே திருப்பாமல் முழுவதையும் வடிக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு விதி வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. நீர் வடிந்ததும் ஆவலோடு சாவியைத் திருப்புவது இயல்பு, அதுவே பெருங்கேடு. சிலிண்டருக்குள் நீர் நின்றால் அது அமுங்காது. சுழற்றும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும். அவ்வாறு மூழ்கிய வண்டியின் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போவதே முறை.

பட்டறையும் பில்லும்

மேலே சொன்னவற்றைப் பார்த்தும் காரணம் புலப்படாவிட்டால் மெக்கானிக்கை அழைக்க வேண்டியதுதான். பம்பு, நாசில், டைமிங், கணினி இவை அவருடைய துறை. ஆனால் அவரை அழைக்கும்போது சொல்ல வேண்டிய முறை உண்டு. "செல்ஃப் நல்ல வேகத்தில் சுழல்கிறது. டாங்கியில் இருபது லிட்டர் டீசல் இருக்கிறது. ஸ்டாப் குமிழ் உள்ளே இருக்கிறது. புகை வரவில்லை. நேற்று மாலை ஃபில்டர் மாற்றினோம்." இப்படிச் சொன்னால் அவர் எந்தக் கருவியோடு வர வேண்டும் என்பது அவருக்கு அங்கேயே தெரியும், வந்து போகும் கூலியும் மிஞ்சும்.

ஊராட்சிக்கோ உழவர் குழுவுக்கோ உரிய வண்டியானால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. சொந்த வண்டியின் பில்லைச் சொந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டு கட்டிவிடுவார். பொது வண்டியின் பில்லைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் கையெழுத்திட்டு அனுமதிக்கிறோம். ஆதலால் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "என்ன மாற்றினீர்கள்?" என்பது எல்லோரும் கேட்பது. "அது கெட்டது என்று எதைக் கொண்டு அறிந்தீர்கள்?" என்பதே அந்தக் கேள்வி. பேட்டரியை மாற்றினால் வோல்ட் எவ்வளவு காட்டிற்று? பெட்ரோல் பம்பை மாற்றினால் அதன் முனைக்கு மின்சாரம் வந்தும் ஓடவில்லை என்று பார்த்தார்களா? நல்ல மெக்கானிக் இக்கேள்வியால் கோபிப்பதில்லை, மகிழ்ச்சியோடு விளக்குகிறார். கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தரும்படி கேட்பதும் முறையே.

புதிய வண்டிகளில் ஸ்டியரிங்கின் கீழுள்ள சொருகுவாயில் ஸ்கேனரைப் பொருத்திக் கோளாறு எண்ணைப் படிப்பார்கள். அது பயனுள்ள கருவிதான். ஆயினும் எண் ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னதால் அந்தச் சென்சாரே கெட்டது என்று ஆகிவிடாது. அதற்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தாலும் அதே எண்தான் வரும். எண்ணைக் கண்டவுடன் உறுப்பை வாங்கச் சொல்லும் பட்டறையைவிட, எண்ணைக் கண்டபின் ஒயரைத் தடவிப் பார்க்கும் பட்டறை நமக்கு நல்லது.

பொது வண்டிக்கு ஒரு பதிவேடு வேண்டும். தேதி, ஓட்டியவர், ஓடிய மணி அல்லது கிலோமீட்டர், ஊற்றிய டீசல், ஃபில்டர் மாற்றிய நாள், கண்ட கோளாறு, அதைத் தீர்த்த விதம் ஆகியவற்றை எழுதினால் போதும். "காலையில் இரண்டு முறை அடித்தபின் கிளம்பிற்று" என்று மூன்று வாரமாக எழுதியிருந்தால், நான்காவது வாரம் அது நிற்கும் முன்பே ஃபில்டரைப் பார்த்துவிடலாம். வண்டிப் பெட்டியில் ஒரு செட் ஸ்பேனர், கொறடா, மீட்டர், மாற்று ஃபியூஸ், மாற்று ஃபில்டர், டார்ச் விளக்கு, கண்ணாடிக் கிளாஸ் ஒன்று இருக்கட்டும்.

வெளியே மரத்தடியில் ஒரு டிராக்டரை நிறுத்தியிருக்கிறோம். அதன் ஃபில்டரில் வேண்டுமென்றே காற்றை விட்டிருக்கிறது. இனி அங்கே போய், ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகச் செல்ஃப் அடித்துப் புகைக்குழாயைப் பார்த்து, தம் கையாலேயே காற்றை எடுத்துக் கிளப்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்களும் உடன் வரலாம். வேட்டியில் டீசல் படாமல் சற்றுத் தள்ளி நின்றால் நல்லது.